மஞ்சள் நீராட்டில் நனையாதவள்

மேட்டுத் தெருவைக் கடந்து கடைவீதிக்குள் நுழைந்த பிறகுதான் பாவாயிக்கு உறைத்தது, இவ்வளவு தூரம் வந்தும் தன் மேல் ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர் படவில்லை என்று. உறைத்ததும் முதலில் வந்தது நிம்மதிதான், அதை மறைப்பானேன். கைப்பைக்குள் செல்போன் இருந்தது, அலுவலகத்திலிருந்து அனுப்பியிருந்த தாள் இருந்தது, உடுத்தியிருந்ததோ இளநீலக் கைத்தறிப் புடவை. மாரியம்மன் பொங்கல் முடிந்து, கோயில் முன்னால் நட்ட கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விடுகிற நாளில், காட்டுவலசில் கொஞ்சமாவது புத்தியுள்ள எவளும் நல்ல புடவையோடு தெருவில் இறங்க மாட்டாள். மாமன் முறை, மச்சான் முறை, கொழுந்தி முறை என்று யார் யார் மேல் மஞ்சள் நீர் ஊற்றலாம் என்பதற்குப் பெரிய சட்டமே உண்டு. அந்தச் சட்டமெல்லாம் காலையில் கொஞ்ச நேரத்துக்குத்தான், அப்புறம் ஊரே ஊர் மேல் ஊற்றும். போலீஸ்காரர் மேல் ஊற்றுவார்கள், பஸ் ஜன்னலுக்குள் ஊற்றுவார்கள், பேங்க் மேனேஜர் வெள்ளைச் சட்டையோடு வந்து மாட்டிக்கொண்ட வருஷமும் உண்டு. போன வருஷம் இதே மேட்டுத் தெருவில் பெண்கள் இவளைச் சுற்றி வளைத்து, "பேப்பர்காரக்கா, இதையும் பேப்பர்ல போடுவீங்களா, போடுங்க பாக்கலாம்" என்று குடத்தைத் தலையோடு கவிழ்த்தார்கள். கத்தினாள், திட்டினாள், காதுக்குள் போன தண்ணீரைத் தட்டிக்கொண்டே பொய்க்கோபமாக வீடு திரும்பினாள். இன்றைக்கும் அதே வாசல், அதே பெண்கள். இவள் வருவதைப் பார்த்ததும் ஓங்கிய செம்பு தாழ்ந்தது. ஒருத்தி குனிந்து காலில் இல்லாத முள்ளைத் தேடினாள். விவரம் தெரியாத சின்னப் பெண் ஒன்று டம்ளரைத் தூக்கிக்கொண்டு இவளைப் பார்த்து ஓடி வந்தது. தாய் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் டம்ளர் தாயின் மேலேயே கொட்டியது. அப்போது இவள் சிரித்தாள்கூட. சிரித்துவிட்டுப் பார்த்தால் கூடச் சிரிக்க ஆளில்லை. மஞ்சள் நீராட்டன்று ஒருவர் மேல் ஊற்றாமல் விடுவது என்றால் அவர் வீட்டில் இழவு விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஊர் அவரைத் தள்ளி வைத்திருக்க வேண்டும். இவள் வீட்டில் இழவு எதுவும் விழவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் நடந்தாள்.

சரி, ஊற்ற வேண்டாம் போங்கள், எனக்கென்ன, புடவை மிச்சம். இப்படித்தான் மனசு வீம்பு பேசும், பேசிக்கொண்டே கைப்பையைத் தடவிப் பார்க்கும். தாள் இருக்கிறது. எங்கே போகும், காலும் இல்லை சிறகும் இல்லை. மொத்தம் ஐந்தாறு வரி. 'மஞ்சளில் விஷம் என்ற தலைப்பில் நமது நாளிதழில் வெளியான செய்தி, முறையாகச் சேகரிக்கப்படாத மாதிரிகளின் அடிப்படையில் எழுதப்பட்டது என அறிகிறோம். இதனால் மஞ்சள் வணிகர்களுக்கும் பாலீஷ் ஆலை உரிமையாளர்களுக்கும் ஏற்பட்ட மன உளைச்சலுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்.' அதற்குக் கீழே அவள் பெயர். சம்மதம் என்று இவள் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு அச்சில் வரும். சொல்லாவிட்டால் பத்திரிகை தானே வருத்தம் போட்டுக்கொள்ளும், இவளை வீட்டுக்கு அனுப்பிவிடும். செய்தி ஆசிரியர் தேவசகாயம் காலையில் போனில் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "பாவாயிம்மா, உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். ஆனா பாலீஷ் ஆலைச் சங்கத்து வக்கீல் கையில கத்தி இருக்கு, அதை நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க. சாயங்காலம் பக்கம் முடிக்கணும். ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க." மரியாதைக்காரர்தான். பொங்கல் மலருக்கு மஞ்சள் வியாபாரிகள் கொடுத்த வாழ்த்து விளம்பரம் பக்கம் பக்கமாக வந்ததே, அந்த மரியாதையும் சேர்ந்துதான் பேசுகிறது. அந்த விளம்பரங்களைக் கடை கடையாக ஏறி வாங்கி வந்தவளும் இவளேதான், ஏனென்றால் இந்த ஊரில் நிருபர் என்றால் செய்தியும் எழுத வேண்டும், விளம்பரமும் பிடிக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கோலப் போட்டி எழுத என்றுதான் வேலைக்குச் சேர்த்தார்கள். கோலத்தோடு நின்றிருக்கலாம். ஒரு தடவை காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவருக்குப் போட்ட அதே ஊசியைக் கம்பவுண்டர் பஞ்சில் துடைத்துவிட்டு இவள் கையைப் பிடித்தான். கையை உதறிக்கொண்டு வெளியே வந்து அதை எழுதியவள்தான், கோலத்துக்குத் திரும்பவே இல்லை. அப்புறம் ஒரு விடுதியில் பிள்ளைகளுக்கு வரிசையாக மஞ்சள் காமாலை. அப்புறம் குளோரின் போடாமலே போட்டதாக எழுதி வைத்த குடிதண்ணீர்த் தொட்டி. அந்தச் செய்திக்கு வீட்டு ஜன்னல் உடைந்தது, கண்ணாடித் தூளைக் கூட்டி அள்ளியது இப்போதும் கைக்கு ஞாபகம் இருக்கிறது. அத்தனையும் அச்சானது 'நமது நிருபர்' என்றுதான். ஒரு செய்தியிலும் பெயர் கிடையாது. பாவாயி என்ற பெயர் பத்திரிகைக்குப் பழசாக இருக்கிறது, வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்களேன் என்று சேர்ந்த புதிதில் சொன்னார்கள், முடியாது என்றாள். இப்போது வருத்தம் தெரிவிக்கும்போது மட்டும் அந்தப் பழைய பெயர் கொட்டை எழுத்தில் வேண்டுமாம். மன உளைச்சல், மனப்பூர்வமாக, ஒரே மூச்சில் இரண்டு மனம். ஒன்றை வெட்டிவிட்டால் வரி நன்றாக இருக்கும். சீ, இதையும் திருத்துகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

தப்பட்டைச் சத்தம் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தது. கம்பம் புறப்பட்டிருக்கும். வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது, தெரு முழுக்க மஞ்சள் ஓடிக் காய்ந்து, மிதிபட்டு, அந்த வாசனை தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிறந்ததிலிருந்து மோந்த வாசனை. மஞ்சள் வேக வைக்கிற அடுப்பின் பக்கத்தில் தூங்கி எழுந்தவள் அவள். அண்ணன் சென்னியப்பன் இன்னும் அதே காட்டில்தான் மஞ்சள் போடுகிறான். வேக வைத்து, களத்தில் காய வைத்து, மூட்டை பிடித்து மண்டிக்கு அனுப்புகிற வரைக்கும் அது பார்க்க மண் ஒட்டிய கட்டை மாதிரிதான் இருக்கும். பளபளப்பு வருவது பாலீஷ் ஆலையில், சுற்றுகிற டிரம்முக்குள். அந்த டிரம்முக்குள் மஞ்சளோடு சேர்த்து எதையோ தூவுகிறார்கள் என்று முதலில் சொன்னவள் சரசா. ஆலையில் வேலை செய்கிறவள். ஏதோ புகார் சொல்ல வந்தவள் இல்லை அவள். ரேஷன் கடை வரிசையில் பக்கத்தில் நின்றுகொண்டு, "எம்புள்ளைக்கு எப்பப் பாரு வயித்து வலிக்கா, பேச்சும் நின்னு நின்னு வருது, யாராச்சும் செய்வினை வெச்சிருப்பாங்களா" என்று கேட்டாள், பேச்சோடு பேச்சாக அந்தத் தூளைப் பற்றியும் சொன்னாள். பிள்ளை பெயர் மிதுனா. ஆறு வயசு. பள்ளிக்கூடத்துப் பாட்டையெல்லாம் கடகடவென்று பாடிக்கொண்டிருந்த பிள்ளையாம். பாவாயி போய்ப் பார்த்தபோது, "அத்தைக்கு உன்ற பேரைச் சொல்லு சாமி" என்று தாய் கேட்டதும் பிள்ளை வாயைத் திறந்தது. திறந்தபடியே இருந்தது. கண் இவளையே பார்த்துக்கொண்டிருந்தது, சொல்லப் போகிற மாதிரியே இருந்தது, சொல்லவில்லை. அந்த வாய் இன்னும் மூடவில்லை. சோற்றில் கை வைத்தால் வருகிறது, தலை பின்னும்போது கண்ணாடிக்குள் வருகிறது. அரசு ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாதான் ரத்தத்தை எடுத்து அனுப்பினார். ஈயம். ஒரு பிள்ளையோடு நிற்கவில்லை. ஆலைப் பக்கமே போகாத வீடுகளிலும் இருந்தது, அவர்கள் கடையில் மஞ்சள்பொடி வாங்கித் தின்றவர்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்தது. கலர் தூக்கலாக இருந்தால்தான் விலை, அதனால் ஈயம் கலந்த ஒரு மஞ்சள் சாயப்பொடி, பெயிண்டுக்குப் போடுகிற சாமான், டிரம்முக்குள் போகிறது. இதைத்தான் அவள் எழுதினாள். பாலீஷ் ஆலை, கலர் பொடி என்று தெளிவாகத்தான் எழுதினாள். தலைப்பு வைக்கிறவர்கள் 'மஞ்சளில் விஷம்' என்று வைத்தார்கள். நிருபருக்குத் தலைப்பில் கை கிடையாது, ஆனால் உதை நிருபருக்குத்தான். மறுநாளே மண்டியில் விலை விழுந்தது. கலர் பொடி தூவினவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, காட்டில் கிழங்கு தோண்டினவன் மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். சென்னியப்பன் வாசலில் நின்றபடியே கேட்டான், உள்ளே வரவில்லை. "உன்ற பேனாவுக்கு எம்பட வெள்ளாமைதான் கெடைச்சுதா பாவாயி?" அவள் விளக்கினாள். அவன் கேட்டான், கேட்டுவிட்டு, "எனக்குப் புரியுது. வாங்கறவனுக்குப் புரியோணுமல்லோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பின் போன் செய்தால் எடுப்பதில்லை. கல்யாணம் வேண்டாம் என்று அவள் நின்றபோது ஊரே ஏசியதே, அப்போது அவள் பக்கம் நின்றவன் அந்த ஒருத்தன்தான்.

எல்லாம் இருக்கட்டும். பை. எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்தப் பைக்குத்தான் வந்து நிற்கிறது. பிளாஸ்டிக் கூடாது என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறவள் தானே பிளாஸ்டிக் பையில் கொண்டு போகலாமா? ஜவுளிக் கடையில் கொடுத்த மஞ்சப்பை, தாம்பூலம் போட்டுக் கொடுக்கிற அதே மஞ்சப்பை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, எடுத்தாள். கடைகளில் வாங்கிய பொடியையும் விரலி மஞ்சளையும் காகிதத்தில் மடித்து அதற்குள் வைத்து, பரிசோதனைக் கூடத்துக்குப் பஸ் ஏறினாள். வழியில் மழை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் பை நனைந்தது, சாயம் இறங்கிப் புடவையில்கூடப் பட்டது, அதைப் பார்த்து எரிச்சல்பட்டாளே தவிர உள்ளே காகிதம் ஊறுகிறதே என்று தோன்றவில்லை. தோன்றவில்லை. மஞ்சளை மஞ்சப்பையில் கொண்டு போவதில் என்ன தப்பு இருக்க முடியும் என்று இந்த மண்ணில் பிறந்த எவளுக்குத் தோன்றும்? பொடியில் ஈயம் என்று முடிவு கொடுத்த பரிசோதனைக் கூடத்துக்காரர் கூடவே நிதானமாக எழுதி வைத்திருந்தார், நனைந்த மஞ்சள் நிறத் துணிப்பையில் பெறப்பட்டது என்று. வக்கீலுக்கு அது போதும். ஈயம் உங்கள் பைச் சாயத்திலிருந்து வந்திருக்கலாமே, இல்லையென்று நிரூபியுங்கள் என்று கேட்டு நோட்டீஸ் அனுப்பிவிட்டார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் அடுத்தவன் அலட்சியத்தைத் தேடித் தேடி எழுதியவளின் அலட்சியம் ஒரு பையில் வந்து விடிந்திருக்கிறது என்று ஊர் சிரித்தது. டீக்கடையில், சங்கத்தில், பத்திரிகை அலுவலகத்திலேயே. சிரிக்கட்டும், தப்புத் தப்புத்தான். ஆனால், இங்கேதான் அவள் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறாள், நடந்தால் நடையும் நின்றுவிடுகிறது, இப்போதும் செருப்புக் கடை முன்னால் நின்றுவிட்டாள். அந்தப் பிள்ளையின் ரத்தத்தை யார் மஞ்சப்பையில் கொண்டு போனார்கள்? ஆஸ்பத்திரி ஊசி, ஆஸ்பத்திரிக் குழாய். அதில் ஈயம் எங்கிருந்து வந்தது? வீட்டில் ஈயப் பாத்திரத்தில் ரசம் வைத்திருப்பார்கள் என்கிறது சங்கம். சரசா வீட்டில் இருப்பதே ரெண்டு அலுமினியச் சட்டி. ரசம் வைத்தார்களாம் ரசம். கோபம் வந்ததும் உடம்பில் தெம்பு வந்தது, இது அவளுக்குப் பழக்கம்தான், பயத்தை விரட்ட அவளிடம் இருக்கிற ஒரே மருந்து கோபம். ஆனால் அந்த மருந்து நாலு அடி நடப்பதற்குள் இறங்கிவிடும். அதற்கப்புறம்? வேலை போனால் எங்கே எழுதுவாய்? சுவரிலா? எழுதாத பாவாயி என்று ஒருத்தி எப்படி இருப்பாள், காலையில் எழுந்து என்ன செய்வாள், யோசித்தால் வெறும் இருட்டாக இருக்கிறது. சரி என்று சொன்னால் ஒரு நாள் அவமானம், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். அண்ணன் மூட்டை விற்கும். அண்ணன் போனை எடுப்பான். அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபடி நிற்கும், வேறு பிள்ளைகளும் வரிசையில் வந்து நிற்கும், ஆனால் அவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்காது, ஏனென்றால் அதுதான் பையில் வந்த ஈயம் என்று பத்திரிகையே வருத்தம் தெரிவித்துவிட்டதே. செருப்புக் கடைக்காரர் உள்ளிருந்து, "என்ன வேணுமுங்க?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அலுவலகத்துக்குப் போக ரத்தினசபாபதியின் மஞ்சள் கிடங்கைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி இருந்தது, சந்து வழியாகப் போகலாம். வீட்டிலிருந்து புறப்படும்போதே சந்து வழி என்றுதான் நினைத்தாள். சந்து முனை வந்தபோது கால் திரும்பவில்லை. எதற்காக ஒளிந்து போக வேண்டும், நானா தூவினேன் என்று கால் கேட்ட மாதிரி இருந்தது. கிடங்கோடு பாலீஷ் ஆலையும் வைத்திருப்பவர், ஆலைக்காரர் சங்கத்துக்குத் தலைவர் ரத்தினசபாபதி. பாவாயியின் அம்மாவுக்குத் தூரத்துத் தம்பி முறை, இவளுக்கு மாமன். இவளுக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்துக்கொண்டவர் அவர்தான் என்று அம்மா சொல்லுவாள். கிடங்கு முன்னால் பந்தல் போட்டு, அண்டா அண்டாவாக மஞ்சள் தண்ணீர் வைத்து, மருமக்களும் பேரப்பிள்ளைகளும் ஆலையில் வேலை செய்கிற பெண்களும் தெருக்காரர்களுமாகக் கூட்டம் நனைந்து கூத்தடித்துக்கொண்டிருந்தது. இவள் வருவதைப் பார்த்ததும் கூத்து இங்கேயும் அடங்கியது. பெரியவர் மட்டும் நகராமல் நின்றார். வேட்டி, வெற்றுடம்பு, முடி எல்லாம் மஞ்சள். கையில் குடம். பயந்தாளா என்றால் பயந்தாள். குடத்துக்குள் என்ன இருக்குமோ என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். ஆனால் அவர் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் அவளை ஆட்டியது. பேத்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"வா அம்மிணி. வெயில்ல நடந்தா வர்றே? உம்மேல ஒருத்தருமே ஊத்துலையாட்ட இருக்குது."

"இல்லீங்க மாமா."

"நாந்தேன் சொல்லி வெச்சேன். மொதக் கொடம் மாமன் ஊத்தோணும், அதுக்கு முன்னால யாரும் கை வெக்கக் கூடாதுன்னு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நடந்தது நடந்து போச்சு. பை விசயம் தெரியாமப் பண்ணுனதுதேன், எனக்குத் தெரியாதா? உங்க சார்கிட்ட நேத்தே பேசீட்டேன். நீ செரீன்னு ஒரு வார்த்தை சொல்லு, இந்தக் கொடத்தை உன்ற தலைல ஊத்தறேன், ஊரு முன்னால எல்லாந் தீந்துது. சென்னியப்பன் மூட்டையை நாளைக்கே நான் எடுத்துக்கறேன். அவன் என்ன பாவம் பண்ணுனான்?"

சொல்லிவிடலாம். எவ்வளவு சின்ன வார்த்தை. தலையில் வெயில் கொதித்தது, குடத்துத் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று உச்சந்தலைக்குத் தெரிந்தது, அது ஓடி முதுகில் இறங்குவது முதுகுக்குத் தெரிந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் அந்த ஒரு வார்த்தைக்காகக் குடத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள், சொன்னதும் ஹோ என்று கத்திக்கொண்டு பாய்வார்கள், மறுபடியும் பேப்பர்காரக்கா ஆகிவிடலாம். கண்ணில் நீர் முட்டியது, அது அவளுக்கே பிடிக்கவில்லை. எதிரி அடித்தால் தாங்கிக்கொள்ளலாம், மாமன் கூப்பிடுகிறாரே, என்ன செய்வது? வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. அப்போது மிதுனா தன் வாய்க்குள் நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு, சொல் வராமல். வேண்டாம், என்று உள்ளே ஒன்று பல்லைக் கடித்தது. ஆனால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இப்படி ஒன்றும் தெரியாதபோது நிருபர்கள் செய்கிற காரியம் ஒன்றுதான், எதையாவது கேட்டு வைப்பது, பதில் வருகிறவரைக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். குடத்தைப் பார்த்தாள்.

"இது எந்த மஞ்சளுங்க மாமா?"

கேட்டது அவ்வளவுதான். உள்நோக்கம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நிஜமாகவே இல்லை. பெரியவர் சிரித்தார். "மஞ்சளு மஞ்சளுதேன். அதிலென்ன எந்த மஞ்சளு?"

அண்டா பக்கத்தில் பேரப்பிள்ளைகளுக்கு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி மயிலாத்தாளுக்குத்தான் சுருக்கென்று தைத்தது. அத்தை அண்டாவை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். தன் வீட்டுச் சமையலைக் குறை சொன்னால் எப்படி வருவாளோ அப்படி வந்தாள்.

"ஏங்கண்ணு, எங்கூட்டு மஞ்சள்லயே உனக்குச் சந்தேகமா? நல்லாக் கேட்டியே. உங்கண்ணன் காட்டுப் போன வெள்ளாமை மஞ்சளாக்கும் இது. மூட்டை வந்து எறங்குனதும், டிரம்முக்குப் போறதுக்கு முன்னாலயே எங்கூட்டுக்கு வேணுங்கறதை எடுத்துப் பரண்ல போட்ருவேன். கல்யாணமாயி வந்த வருசத்துல இருந்து அப்பிடித்தேன். நானே ஒரல்ல இடிச்சுச் சலிச்சது. கடைப்பொடி ஒரு சிமிட்டா இதுல கெடையாது."

"மயிலா" என்றார் பெரியவர்.

"இருங்க, கேக்கறா அல்ல, சொல்லோணுமல்ல."

பாவாயிக்குக் காது அடைத்துத் திறந்த மாதிரி இருந்தது. தப்பட்டை எங்கேயோ அடித்துக்கொண்டிருந்தது. தன் குரல் தனக்கே மெதுவாகக் கேட்டது.

"ஏனுங்கத்தை, மில்லுல அத்தனை பொடி கெடக்குது. அதுல ரெண்டு கை அள்ளிக் கலக்குனா ஆகாதுங்களா? எதுக்குங்க ஒரல்ல இடிச்சுக்கிட்டு?"

"அது விக்கறதுக்குக் கண்ணு. இது பேரம்பேத்திக மேல படறதல்லோ, வாய்க்குள்ள போவும், கண்ணுக்குள்ள போவும்" என்றாள் மயிலாத்தாள். சொல்லிவிட்டு, இதுகூடத் தெரியாதா உனக்கு என்பது போல் பார்த்தாள். சொன்னதில் கள்ளமில்லை, வஞ்சமில்லை. குடும்பத்தைச் சுத்தமாக வைத்திருக்கிற ஒரு பெண்ணின் பெருமை மட்டும்தான் இருந்தது. அந்தப் பெருமையைக் கூட்டம் முழுக்கக் கேட்டது.

ஆலையில் வேலை செய்கிற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். தெருக்காரப் பெண்கள் அவரவர் குடத்தைப் பார்த்தார்கள், அவர்கள் குடத்தில் கரைத்திருந்தது கடையில் வாங்கிய பொடி, பளீரென்று கலர் வருகிற பொடி, இந்தக் கிடங்கிலிருந்து போன பொடி. ஒருத்தி இடுப்பிலிருந்த கைக்குழந்தையின் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள், குழந்தை வீரிட்டது, அப்பவும் விடாமல் உதட்டைத் துடைத்தாள். பக்கத்தில் நின்றவள் தன் பையனை இழுத்து, "வாயக் கொப்புளிச்சுத் துப்புடா" என்று உதைக்காத குறையாகச் சொன்னாள். மயிலாத்தாள் ஒன்றும் விளங்காமல் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

இது கோர்ட்டில் நிற்குமா? நிற்காது. ஒரு அத்தை தெருவில் நின்று சொன்ன வார்த்தைக்கு எந்த வக்கீலும் மசிய மாட்டார். அது பாவாயிக்குத் தெரியும். ஆனால் இத்தனை நாள் அவள் எங்கெங்கோ தேடிய கேள்வி, பரிசோதனைக் கூடத்தில், ஆஸ்பத்திரியில், மண்டியில் தேடிய கேள்வி, ஒருத்தரிடமும் கேட்காமல் விட்டது, இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. நீங்கள் உங்கள் வீட்டில் எதைத் தின்கிறீர்கள் என்ற கேள்வி. சங்கத்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் இதற்குப் பதில் இருக்கும். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோபமும் அவ்வளவாக இல்லை. உடம்பு லேசாக இருந்தது, சிரிப்புக்கூட வந்தது. மாமனுக்கு முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றாள்.

"ஊத்துங்க மாமா. இது நல்ல மஞ்சளு. எங்கண்ணன் காட்டு மஞ்சளு."

அவர் ஊற்றவில்லை. குடம் அவர் கையில் கனத்தது, தோள் இறங்கியது, கடைசியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டார். முறைக்காரி தலை குனிந்து நிற்கும்போது குடத்தைக் கீழே வைக்கிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. மயிலாத்தாளுக்கு அது பொறுக்கவில்லை. "என்னுங்க நீங்க, அவ கேக்கறா, நீங்க வெச்சுட்டு நிக்கறீங்க" என்று முனகிக்கொண்டே குடத்தைத் தூக்கி அவளே பாவாயியின் தலையில் சாய்த்தாள். தண்ணீர் குளிர்ந்து இறங்கியது, கண்ணை மூடிக்கொண்டாள், நெற்றி, மூக்கு, உதடு. உதட்டில் பட்டதை நக்கிப் பார்த்தாள். லேசான கசப்பு, மண் வாசனை, சின்ன வயதில் வேக வைத்த அடுப்பு. இளநீலப் புடவை போன இடம் தெரியவில்லை, போகட்டும்.

அங்கேயே, பந்தல் ஓரத்திலேயே நின்று, நனைந்த கைப்பையிலிருந்து போனை எடுத்துத் தேவசகாயத்துக்கு அடித்தாள். கூட இருந்த தாள் ஊறிக் கூழாகியிருந்தது, அதை எடுத்துக் கீழே உதறினாள்.

"சார், பாவாயி பேசறேனுங்க. எம்பேர்ல வருத்தம் போட முடியாதுங்க. சொல்லறதைக் கேளுங்க. பை விசயத்தை மறைக்க வேண்டாமுங்க, மொதப் பத்தியிலயே நானே எழுதிடறேன், தப்பு என்னுதுதான்னு. ரெண்டாவது பத்தியில புள்ளைக ரத்தம். மூணாவதுல, பாலீஷ் மில்லுக்காரங்க அவங்கவங்க ஊட்டுல எந்த மஞ்சளைப் பொழங்கறாங்கன்னு வரும். சாம்பிளைக் கண்ணாடி ஜாடில எடுத்து மறுபடியும் அனுப்பறேன், இந்தத் தெருவுல இருக்கற ஒவ்வொரு கொடத்துல இருந்தும் எடுக்கறேன்."

அந்தப் பக்கம் அவர் என்னவோ சொன்னார். வக்கீல் என்றார், விளம்பரம் என்றார், வேலை என்றார்.

"நீங்க போடாட்டி வேற எங்கியாச்சும் போடறேனுங்க. எனக்கு எடம் கெடைக்காமப் போயிராது."

கூட்டத்தில் யாரோ ஒருத்தி மெல்ல வந்து, தன் குடத்தை அவள் காலடியில் வைத்தாள். "இதுல இருந்து எடுத்துக்குங்கக்கா" என்றாள். மாமன் நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்கட்டும் என்றுதான் பாவாயி சத்தமாகப் பேசினாள்.